லீவுல படின்னு சொல்றதுக்கு முன்னாடி புத்தகத்தைக் கையில குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருஷக் கடைசி லீவு நெருங்குது, எங்க படிவம் 2 பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புல வழக்கமான மெசேஜ் வந்திருச்சு. லீவுல ஒவ்வொரு மாணவரும் 10 புத்தகம் படிக்கணும், படிச்சதை எய்ன்ஸ்ங்கிற ஆன்லைன் வாசிப்புப் பதிவுல பதிவு பண்ணணும், பள்ளி திறந்த முதல் வாரத்துல டீச்சர் செக் பண்ணுவாங்க. அவ்வளவுதான் மெசேஜ். என்ன புத்தகம், எந்த மொழியில, எங்க கிடைக்கும், ஒண்ணும் இல்ல. அதுக்குக் கீழயே ஒரு அம்மா, டீச்சர் பள்ளி லைப்ரரி லீவுல திறந்திருக்குமான்னு கேட்டிருந்தாங்க. இல்லைங்க, ஸ்டாக் எடுக்கப் போறோம், கையில இருக்கிற புத்தகத்தை எல்லாம் இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கன்னு பதில் வந்துச்சு. 10 புத்தகம் படி, ஆனா இருக்கிற புத்தகத்தைக் கொண்டு வந்து குடுத்துட்டுப் போ. இந்த ரெண்டு மெசேஜும் ஒரே குரூப்புல, ஒரே நாள்ல வந்தது. இதை யாராவது எடுத்துப் பேசணும்னுதான் உங்க பத்திரிகைக்கு எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இது அந்த டீச்சரைக் குறை சொல்ற கடிதம் இல்ல, பள்ளி பேரும் வேண்டாம். அவங்களுக்கு மேல இருந்து வர்ற வேலையை அவங்க செய்றாங்க, ஒரு டீச்சருக்கு எத்தனை வகுப்பு, எத்தனை ஃபாரம், எத்தனை சிஸ்டத்துல கீ-இன் பண்ணணும்னு எனக்குத் தெரியும், எங்க குடும்பத்துலயும் வாத்தியாருங்க இருக்காங்க. நான் சொல்ல வர்றது லீவு வாசிப்புன்னா என்னன்னு நாம எல்லாரும் சேர்ந்து வச்சிருக்கிற நினைப்பைப் பத்தி. படிவம் 1லருந்து 3 வரைக்கும், அதாவது 13, 14, 15 வயசுப் பிள்ளைங்க கிட்ட நாம என்ன எதிர்பார்க்கிறோம், அதுக்கு நாம என்ன குடுக்கிறோம். குடுக்கிறது ஒண்ணுமே இல்லாம எதிர்பார்ப்பை மட்டும் அனுப்பிக்கிட்டு இருக்கோம்.

மலேசியக் கல்வி அமைச்சோட வாசிப்புத் திட்டமான நிலாம் வந்தது 1990கள் கடைசியில, நல்ல நோக்கத்தோட வந்த திட்டம்தான் அது, பிள்ளைங்க படிக்கிறதைப் பதிஞ்சு வச்சு ஊக்கம் குடுக்கணும்னு கொண்டு வந்தாங்க. அப்ப நோட்டுப் புத்தகத்துல எழுதினாங்க, இப்ப அது ஆன்லைனுக்குப் போயி எய்ன்ஸ் ஆயிருச்சு. தலைப்பு, எழுதினவர் பேரு, பக்கம் எத்தனை, சுருக்கம், கடைசியில படிப்பினை. இதை ஒரு பிள்ளை எப்படி நிரப்புதுன்னு பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கீங்களா? எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில என் மகளும் அவளோட கூட்டாளிங்களும் சேர்ந்து பண்ணாங்க, நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே பார்த்தேன். ஒரு பையன் போனைத் திறந்தான், சாங் கஞ்சில்னு சின்னப் பிள்ளைங்க படிக்கிற மலாய் சருகுமான் கதையைத் தேடினான், வந்த சுருக்கத்தை மலாய்ல அப்படியே காப்பி பண்ணி ஒட்டினான், படிப்பினைல நாம் புத்திசாலியாக இருக்க வேண்டும்னு போட்டான், சேவ் பண்ணான், அடுத்தது. ஒரு புத்தகத்துக்கு 2 நிமிஷம்கூட ஆகல. 14 வயசுப் பையன், மூஞ்சியில மீசை அரும்பிக்கிட்டு இருக்கு, அவன் பேர்ல சருகுமான் கதை படிச்சதா ரெக்கார்ட் ஆகுது. அவன் மேல எனக்குக் கோபமே வரல, ஏன்னா அவன் கிட்ட கேட்டது எண்ணிக்கை, அவன் எண்ணிக்கையைக் குடுத்துட்டான். இப்ப ஏஐ வேற வந்திருச்சு, சுருக்கமும் படிப்பினையும் கேட்ட மொழியில கேட்ட நீளத்துல வருது, இனிமே அந்தக் கட்டத்துல இருக்கிற வார்த்தையை வச்சு எந்த டீச்சராலயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

எண்ணிக்கை கேட்டா பிள்ளைங்க ஒல்லிப் புத்தகமாத்தான் எடுப்பாங்க. 300 பக்க நாவலை லீவு முழுக்க இழுத்துப் பிடிச்சுப் படிச்சு முடிச்ச பிள்ளைக்குக் கணக்குல 1, 16 பக்கத்துல படம் போட்ட புத்தகம் பத்தை ஒரே மத்தியானத்துல புரட்டின பிள்ளைக்கு 10. அப்ப எந்தப் பிள்ளை மேடை ஏறி சர்டிபிகேட் வாங்கும்? நீளமா ஒரு கதைக்குள்ள போயி, நடுவுல சலிப்பு வந்தாலும் விடாம, அந்த ஆளுங்களோட கொஞ்ச நாள் இருந்துட்டு வெளிய வர்ற பழக்கம் இந்த வயசுலதான் வரணும். பள்ளிப் பாடத்துல இலக்கியப் பகுதியா வர்ற கோம்சாஸ் நாவல்கூட நிறைய பிள்ளைங்க முழுசா படிக்கிறது இல்ல, கடையில விக்கிற ரெஃபரன்ஸ் புக்குல அத்தியாயம் அத்தியாயமா சுருக்கம் இருக்கு, அதைப் படிச்சிட்டு எழுதுறாங்க. ஆக மூணு வருஷம் இடைநிலைப்பள்ளியில இருந்துட்டு ஒரு புத்தகத்தைக்கூட முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்காமயே படிவம் 4க்குப் போயிடலாம், ரெக்கார்ட்ல மட்டும் நூத்துக்கணக்குல இருக்கும். ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் பரீட்சையை 2021லயே எடுத்தாச்சு, படிவம் 3 பிடி3 பரீட்சையை 2022ல எடுத்தாச்சு, பிள்ளைங்களுக்குப் பரீட்சை அழுத்தம் குறையும், நல்லா படிப்பாங்க, விரிவா யோசிப்பாங்கன்னு சொன்னாங்க. அந்த அழுத்தம் போன எடத்துல புத்தகம் வந்து உக்காரணும்ல, போன்தானே வந்து உக்காந்திருக்கு.

நம்ம பிள்ளைங்களுக்கு இதுல இன்னொரு நஷ்டமும் இருக்கு, எனக்கு அதுதான் ரொம்ப வலிக்குது. தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம் பெரும்பாலான பாடத்தைத் தமிழ்ல படிச்சிட்டு வந்த பிள்ளை, 13 வயசுல இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் ஒரு பாடமா சுருங்கிடுது, அதுவும் எல்லாப் பள்ளியிலயும் கிடையாது. 1996 கல்விச் சட்டப்படி குறைஞ்சது 15 மாணவர்களோட பெற்றோர் கேட்கணும், பள்ளிக்கும் வசதிப்படணும், அப்பதான் வகுப்பு. பல எடத்துல அது பள்ளி முடிஞ்ச பிறகு மத்தியானத்துல நடக்குது, பிள்ளை பசியோட உக்காந்திருக்கும், பஸ் போயிடும்னு பயம் வேற. அந்த வாரத்துக் கொஞ்ச நேரம் இலக்கணத்துக்கும் கட்டுரைக்குமே போயிடுது, கதைப் புத்தகம் படிக்க நேரம் எங்க? பள்ளியோட லைப்ரரிக்குப் போயி பாருங்க, மலாய் புத்தகம் இருக்கு, இங்கிலீஷ் இருக்கு, தமிழ்ப் புத்தகம் பல பள்ளியில ஒரு தட்டுகூட நிறையாது, இருக்கிறதும் யாரோ எப்பவோ அன்பளிப்பா குடுத்த பக்திப் புத்தகமும் பழைய பரீட்சை வழிகாட்டியும்தான். 1816ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்பு தொடங்கினதுன்னு சொல்லி 2016ல தமிழ்க்கல்விக்கு 200 வருஷம்னு நாடு முழுக்க கொண்டாடினோம். அது நடந்தது எங்க பினாங்குல. அதே பினாங்குல இன்னைக்கு ஒரு படிவம் 2 பிள்ளை லீவுல தமிழ்ல ஒரு கதைப் புத்தகம் படிக்கணும்னு ஆசைப்பட்டா அதை எங்க போயி எடுக்கும்னு கேட்டா பதில் சொல்ல முடியாம நிக்கிறோம். ஆறு வருஷம் பழகின எழுத்து, மூணு வருஷம் தொடாம விட்டா எவ்வளவு மெதுவா ஆயிடும்னு படிவம் 4ல, படிவம் 5 பரீட்சையான எஸ்பிஎம்முக்குத் தமிழ் எடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறப்பதான் தெரியும். அப்ப பயந்து விட்டுடுறாங்க.

என் தங்கச்சி குடும்பம் அமெரிக்காவுல இருக்கு, அவ மகன் அங்க மிடில் ஸ்கூல்ல படிக்கிறான், அங்க ஜூன் மாசத்துலருந்து ரெண்டு மாசத்துக்கு மேல கோடை லீவு. அவன் பள்ளியில என்ன சொல்றாங்கன்னு கேட்டேன். ஒரு லிஸ்ட் குடுப்பாங்களாம், அதுல அவனாவே ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும், இன்னொண்ணு லிஸ்ட்டுல இல்லாத எந்தப் புத்தகம் வேணும்னாலும் எடுத்துக்கலாம், பள்ளி திறந்ததும் வகுப்புல அதைப் பத்திப் பேசுவாங்க. எண்ணிக்கை 2, அவ்வளவுதான். அங்கயும் எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி இல்ல, கட்டுரை எழுதி உயிரை எடுக்கிற பள்ளியும் இருக்காம், லிஸ்ட்டைப் பார்த்தாலே பிள்ளைங்க ஓடுதுன்னு அங்கயும் பெற்றோர் புலம்புறாங்க. ஆனா லீவு வாசிப்பைப் பத்தி அங்க உக்காந்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, அதுல நமக்கு எடுத்துக்க நிறைய இருக்கு.

1970கள்ல பார்பரா ஹெய்ன்ஸ்ங்கிற சமூகவியல் ஆய்வாளர் அட்லாண்டா நகரத்துல 6, 7ஆம் வகுப்புப் பிள்ளைங்களைப் பார்த்தாங்க, நம்ம பிள்ளைங்க வயசைத் தொட்டு நிக்கிற பிள்ளைங்கதான். 1978ல அதை வெளியிட்டாங்க. லீவுல எத்தனை புத்தகம் படிச்சாங்கங்கிறதுக்கும் அவங்க படிப்புல முன்னேறினதுக்கும் சம்பந்தம் இருந்துச்சு, பணக்கார வீடா ஏழை வீடாங்கிறதைத் தாண்டியும் அது இருந்துச்சு. லீவுக்காலத்துல பிள்ளைங்க அறிவு வளர்றதுக்குப் பொது நூலகம் குடுக்கிற கைகொடுப்பு வேற எந்தப் பொது அமைப்பும் குடுக்கிறதை விடப் பெருசுன்னும், லைப்ரரி வீட்டுக்குப் பக்கத்துல இருந்தா பிள்ளை படிக்குதுன்னும் சொன்னாங்க. அதுக்குப் பிறகு ஃப்ளோரிடாவுல ஆலிங்டன், மெக்கில்-ஃப்ரான்சன்னு ரெண்டு பேராசிரியருங்க, ஏழைப் பிள்ளைங்க அதிகமா படிக்கிற ஆரம்பப்பள்ளிகளுக்குப் போயி, லீவு விடுறதுக்கு முன்னாடி ஒரு புத்தகக் கண்காட்சி மாதிரி வச்சு, பிள்ளைங்களை அவங்களே தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஒவ்வொரு பிள்ளைக்கும் 12 புத்தகம் சும்மாவே குடுத்தாங்க. தொடர்ந்து மூணு கோடை லீவுக்கு இப்படிக் குடுத்தாங்க. 2010ல முடிவு வந்துச்சு, புத்தகம் கிடைச்ச பிள்ளைங்க கிடைக்காத பிள்ளைங்களை விட நல்லா வாசிச்சாங்க, அதுலயும் ரொம்ப ஏழ்மையான வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் பலன் கூட. லீவு கிளாஸ் வச்சு நடத்தினா என்ன பலன் கிடைக்குமோ அந்த அளவு பலன். ரிப்போர்ட் எழுதச் சொல்லல, கேள்வித்தாள் குடுக்கல. புடிச்ச புத்தகம் வீட்டுல இருந்துச்சு, அதான் விஷயம்.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. ஹார்வர்ட்ல ஜேம்ஸ் கிம்னு ஒருத்தர் இதையே வேற மாதிரி செஞ்சு பார்த்தாரு. வெறும் புத்தகத்தை மட்டும் தபால்ல அனுப்பிட்டா பெருசா ஒண்ணும் நடக்கல, லீவுக்கு முன்னாடி டீச்சர் எப்படிப் படிக்கிறதுன்னு சொல்லிக் குடுத்து, வீட்டுல யாராவது ஒருத்தர் பிள்ளை வாசிக்கிறதைக் கேட்டா அப்ப பலன் தெரிஞ்சுதுன்னு 2008ல வந்த ஆய்வுல இருக்கு. அதுவும் ஆரம்பப்பள்ளி வகுப்புங்கதான், ஆனா 13 வயசுல பிள்ளை என்ன மாறிடப் போகுது? புத்தகமும் வேணும், கேக்கிறதுக்கு ஒரு ஆளும் வேணும்.

கேக்கிறதுக்கு ஒரு ஆள்னு சொன்னேன்ல, அதை எங்க வீட்டுலயே பார்த்தேன். என் மகளுக்கு ஒருத்தவங்க நம்ம ஊர் எழுத்தாளரோட சிறுகதைத் தொகுப்பு ஒண்ணு குடுத்திருந்தாங்க, தோட்டத்துக் கதைங்க. சும்மா கிடந்துச்சு. ஒரு நாள் நெட் இல்ல, வேற வழியில்லாம எடுத்துட்டுப் போயி எங்க அம்மா கட்டில்ல உக்காந்து சத்தமா வாசிச்சா. எங்க அம்மா கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க. கதையில உச்சி வெயில்ல ஒரு பொண்ணு ரப்பர் மரத்துல பால் வெட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி வந்திருக்கு, உடனே அம்மா நிறுத்துன்னுட்டாங்க. வெயில் ஏறினா பால் வராதுடி, விடியறதுக்கு முன்னாடி ஆள் எண்ணுற பெரட்டுக்குப் போயிடுவோம், இருட்டுலயே தலையில லைட் கட்டிக்கிட்டு மர நிரைக்குப் போவோம், குளிர்ல வெட்டினாத்தான் பால் நிக்காம மங்குக் கிண்ணத்துக்கு ஓடும், வெயில் வந்தா கோட்டிலயே உறைஞ்சு போயிடும், அதைத்தான் மறுநாள் கோட்டுப்பால்னு உரிச்சு எடுப்போம்னு ஆரம்பிச்சு, உளியை எப்படிப் பிடிக்கணும், பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டணும், ஆழமா போனா மரத்துக்குக் காயம் பட்டு கங்காணி திட்டுவாருன்னு கையை ஆட்டி ஆட்டிக் காமிச்சாங்க. என் மகள் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்தா. பெறகு அந்தக் கதையை முதல்லருந்து திரும்பப் படிச்சா, எழுதினவரு தப்பா எழுதிட்டாரா இல்ல அந்தப் பொண்ணு ஏதோ காரணத்துக்கு லேட்டா போனாளான்னு அவளுக்குச் சந்தேகம், அதைக் கண்டுபிடிக்கிறதுக்காகவே பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா. இதைவிட பெரிய புத்தக ஆய்வு என்ன இருக்கு? எய்ன்ஸ்ல இதை எந்தக் கட்டத்துல போடுறது?

அதனாலதான் சொல்றேன், எழுத்துல ரிப்போர்ட் கேக்காதீங்க, பேசச் சொல்லுங்க. ஜனவரியில பள்ளி திறந்த முதல் வாரம் எப்படியும் பாடம் முழுசா ஓடாது, டைம்டேபிள் மாறிக்கிட்டே இருக்கும், வகுப்பு பிரிப்பாங்க, புத்தகம் குடுப்பாங்க. அதுல ஒரு பீரியட் எடுத்து, நாலு நாலு பேரா உக்கார வச்சு, நீ என்ன படிச்ச, யாரைப் பிடிச்சது, எந்த எடத்துல மூடி வச்சிடலாம்னு தோணுச்சுன்னு பேச விட்டா போதும். படிக்காத பிள்ளை அங்க ரெண்டு நிமிஷம் பேச முடியாது, ஆனா அவமானமும் படாது, பக்கத்துல இருக்கிறவன் சொல்றதைக் கேட்டு அதை எடுத்துப் படிக்கணும்னு தோணலாம். இந்த வயசுப் பிள்ளைங்க டீச்சர் சொல்லிப் படிக்கிறதை விட கூட்டாளி சொல்லிப் படிக்கிறதுதான் அதிகம், எல்லா அம்மாவுக்கும் இது தெரியும்.

இனி புத்தகம் எங்கருந்து வரும்ங்கிற கேள்வி. இதுக்குப் பணமே இல்லைன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு ஞாபகப்படுத்துறேன். எஸ்பிபிடி பாடநூல் கடன் திட்டம் 1975லருந்து ஓடுது, 2008லருந்து பெற்றோர் சம்பளம் எவ்வளவுன்னு பார்க்காம எல்லாப் பிள்ளைங்களுக்கும் குடுக்கிறாங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை நிறைய புத்தகம் குடுத்து, நம்பர் எழுதி, கையெழுத்து வாங்கி, வருஷக் கடைசியில திரும்ப எண்ணி எடுக்கத் தெரிஞ்ச பள்ளிக்கு, லீவுக்கு ரெண்டு கதைப் புத்தகம் குடுத்து ஜனவரியில திரும்ப வாங்கத் தெரியாதா? தொலைச்சிட்டா காசு கட்டணும்ங்கிற விதியும் அதுல இருக்கு, பெற்றோருக்கும் அது பழக்கம்தான். ஸ்டாக் எடுக்கணும்னா எடுங்க, வேண்டாம்னு சொல்லல, நவம்பர்லயே எடுத்து முடிச்சிட்டு கடைசி வாரத்துல கதவைத் திறந்து விடுங்க. 2026லருந்து பள்ளி வருஷம் மறுபடியும் ஜனவரியில தொடங்குது, டிசம்பர் லீவு பழையபடி நம்ம கைக்கு வந்திருக்கு, அந்த நேரத்துல பூட்டுன அறைக்குள்ள புத்தகம் இருந்து யாருக்கு லாபம்? ஒருசில புத்தகம் கிழிஞ்சு வரும், ஒருசில புத்தகம் வராமலே போகும், அதுக்காகப் பூட்டி வச்சா அந்தப் புத்தகமும் கரையான் தின்னுதான் போகும்.

தமிழ்ப் புத்தகம் வேணும்னா அதுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம்தான் கை வைக்கணும். ஆண்டுக்கூட்டத்துல பேசுறதைப் பார்க்கிறேன், ஏர்கோன், கூரை, கேன்டீன், இதெல்லாம் வேணும்தான், ஆனா தமிழ்ப் புத்தகத்துக்கு ஒரு 300 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்குங்கன்னு யாரும் கேட்டு நான் பார்த்தது இல்ல. நம்ம ஆளுங்க இருக்கிற எடத்துல நம்மதான் கேக்கணும், வேற யாரு கேப்பா. லிட்டில் இந்தியாவுல தமிழ்ப் புத்தகம் விக்கிறவங்க கிட்ட மொத்தமா வாங்கினா விலை குறைச்சுக் குடுப்பாங்க. வாங்கறப்ப ஒரு விஷயம் மட்டும் பாருங்க, பெரியவங்களா போயி நீதிக்கதை வாங்கிட்டு வந்துடாதீங்க. தமிழ்ல சின்னப் பிள்ளைங்களுக்கும் புத்தகம் இருக்கு, பெரியவங்களுக்கும் இருக்கு, நடுவுல 13, 14 வயசுக்குன்னு எழுதினது ரொம்பக் குறைச்சல். பெரிய எழுத்துல காக்கா நரி கதையைப் படிவம் 2 பையன் கையில குடுத்தா அவன் கூட்டாளி முன்னாடி தொறக்க மாட்டான். பேய்க்கதை கேட்டா பேய்க்கதை குடுங்க, துப்பறியும் கதை கேட்டா அதைக் குடுங்க, பந்து விளையாட்டு வீரனைப் பத்தி, பாம்பைப் பத்தி, ராக்கெட்டைப் பத்தி, படக்கதை, எதுவா இருந்தாலும் சரி. ரெண்டு பிள்ளைங்களையும் கூட கூட்டிட்டுப் போங்க, அவங்க எடுத்ததை வாங்குங்க. நம்ம நாட்டுல எழுதுற எழுத்தாளர்களோட புத்தகத்தையும் சேர்த்து வாங்குங்க, பினாங்கும் கெடாவும் கோலாலம்பூரும் வர்ற கதையைப் படிக்கிறப்ப பிள்ளை முகத்துல வர்ற வெளிச்சமே வேற, இது நம்ம குடியிருப்பு மாதிரியே இருக்கேம்மான்னு சொல்லும்.

பொது நூலகத்தைப் பத்தி ஒரு வார்த்தை. பினாங்கு மாநில நூலகத்தோட தலைமையகம் செபராங் ஜெயாவுல இருக்கு, பிறை, பட்டர்வொர்த் பக்கம் இருக்கிறவங்களுக்குப் பரவாயில்ல, சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கத்துப் பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ லீவு போட்டு வண்டியில கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு. தீவுல கிரீன் லேன் பக்கம் டிஜிட்டல் லைப்ரரி திறந்தாங்க, அழகான எடம், பிள்ளைங்க உக்காந்து படிக்க ரொம்ப வசதி, ஆனா என் அனுபவத்துல 14 வயசுக்கு ஸ்கிரீன்ல கதை படிக்கக் குடுத்தா பத்து நிமிஷத்துல வேற எங்கயோ போயிடுது, கைக்கு ஒரு தாள் புத்தகம் வேணும். கோலாலம்பூரை யுனெஸ்கோ 2020ஆம் வருஷத்துக்கான உலகப் புத்தகத் தலைநகர்னு அறிவிச்சுது, கோவிட் வந்து பாதி நிகழ்ச்சிங்க அடிபட்டுப் போச்சு, அந்தப் பேரை வாங்கின நாட்டுல மாநில நூலகங்க தமிழ்ப் புத்தகத் தட்டை வருஷா வருஷம் கொஞ்சமாவது புதுப்பிக்கணும்னு கேக்கிறது பெரிய ஆசை இல்ல. நம்ம ஆளுங்க போயி எடுக்கிறது இல்ல, அதனால வாங்குறது இல்லன்னு சொல்வாங்க. அதுக்காகவாவது இந்த டிசம்பர்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயி மெம்பர் ஆக்கி, தமிழ்ப் புத்தகமா பார்த்து இரவல் எடுங்க, எடுத்தது கம்ப்யூட்டர்ல பதிவாகும்ல.

பெற்றோர் கிட்டயும் சொல்லணும், நானும் பெற்றோர்தான். பள்ளி தொடக்க உதவின்னு அரசாங்கம் பிள்ளைக்கு 150 வெள்ளி குடுக்குது, சப்பாத்து பை வாங்கவே சரியா போயிடுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா டிசம்பர் லீவுல டியூஷனுக்கு மாசம் எவ்வளவு கட்டுறோம், அடுத்த வருஷப் பாடத்தை இப்பவே ஆரம்பிக்கிற கிளாஸ் வேற வந்திருச்சு. அதுல ஒரு பங்கு புத்தகத்துக்குப் போகக் கூடாதா? வருமான வரி கட்டுறவங்களுக்கு லைஃப்ஸ்டைல் கழிவுல 2,500 வெள்ளி வரைக்கும் இருக்கு, புத்தகம் வாங்கின ரசீதும் அதுல சேரும், நம்மள்ல நிறைய பேரு அதைப் போன் வாங்கின கணக்குலயே முடிச்சிடுறோம். வாங்க முடியாத வீடும் நிறைய இருக்கு, பிளாட்ல மூணு பிள்ளைங்களோட ஒரே அறையில இருக்கிறவங்க கிட்ட போயி புத்தகம் வாங்குன்னு சொல்ல எனக்கு மனசு வராது. அவங்களுக்காகத்தான் பள்ளி லைப்ரரியைத் திறக்கச் சொல்றேன். கோயில் மண்டபத்துல தேவார வகுப்பு நடத்துறோம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட ஊரே சேருது, அந்த மண்டபத்து மூலையில ஒரு அலமாரி வச்சு, வர்ற பிள்ளைங்க எடுத்துட்டுப் போகட்டும்னு விட்டா எந்தச் சாமியும் கோவிச்சுக்காது.

பள்ளிக்கு நான் எழுதிக் குடுத்திருக்கிறது இதுதான்: 10ங்கிறதை 2 ஆக்குங்க, அதுல ஒண்ணு தமிழா இருக்கட்டும், தமிழ் படிக்காத பிள்ளைங்க அவங்கவங்க வீட்டு மொழியில படிக்கட்டும், இன்னொண்ணு எந்த மொழியா இருந்தாலும் சரி. ரெண்டையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், லீவு விடுற கடைசி நாள் அது கையில இருக்கணும், பையில வச்சு அனுப்புங்க. முடிஞ்சா ஒரு டீச்சராவது அதே லீவுல பிள்ளைங்க எடுத்த புத்தகத்துல ஒண்ணைத் தானும் படிச்சிட்டு வாங்க. எய்ன்ஸ் பதிவு மேலிடத்து விதின்னா அதைச் செய்யட்டும், ஆனா அந்த ரெண்டு புத்தகத்துக்கு மட்டும் செய்யட்டும். பதில் இன்னும் வரல, பெற்றோர் குரூப்புல சில அம்மாங்க சரின்னு கை தூக்கியிருக்காங்க, ஒரு அப்பா அலமாரி செஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்காரு.

கடைசியா உங்க கிட்ட ஒரு வேண்டுகோள் ஐயா. 1924ல தொடங்கின தமிழ் நேசன் 2019ல நின்னு போனப்ப எங்க அம்மா அழுதாங்க, தோட்டத்துல ஒரு பேப்பர் வாங்கி லயத்துல பத்துப் பேரு படிச்ச காலம் அது. இன்னைக்கும் ஞாயிறு பதிப்புல மாணவர் பக்கம் வருது, ஆனா அது யுபிஎஸ்ஆர் காலத்துப் பழக்கத்துல ஆரம்பப்பள்ளிப் பிள்ளைங்களையே பார்த்து நிக்குது, பயிற்சித் தாளும் வண்ணம் தீட்டுற படமும்தான். படிவம் 1லருந்து 3 வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குன்னு டிசம்பர் நாலு ஞாயித்துக்கிழமையும் ஒரு முழுப் பக்கம் குடுங்க, அதுல நம்ம நாட்டு எழுத்தாளர் ஒருத்தர் எழுதின தொடர்கதை ஒண்ணு நாலு பாகமா வரட்டும், ஒவ்வொரு வாரமும் நல்ல எடத்துல நிறுத்துங்க. கூடவே எந்த நூலகத்துல தமிழ்த் தட்டு இருக்கு, லீவுல எத்தனை மணிக்குத் திறக்கிறாங்கன்னு பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் ஒரு சின்னக் கட்டம் போடுங்க. பினாங்குக் கட்டத்துக்கு வேண்டிய விவரத்தை நானே போன் போட்டு விசாரிச்சு நவம்பர் முடியறதுக்குள்ள உங்க அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன், கோலாலம்பூர் விவரத்தை அங்க இருக்கிற வாசகர் யாராவது செஞ்சு குடுத்தா உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
படிவம் 2 மாணவியின் தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு